வாசல்நிலையில் ஒரு கை

டெல்பின் மிஸ்ஸுக்கு ஒரு ஆளைப் பார்த்தால் முதலில் முகம் கண்ணில் படாது, முதுகுதான் படும். கூன் போட்ட முதுகு, ஒரு பக்கம் சரிந்த தோள், உள்பக்கம் திரும்பிய பாதம் என்று யாரிடமும் ஒரு குறை அவருக்குத் தட்டுப்பட்டுவிடும். நெரவியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்ற மறந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே போய், நற்கருணை கொடுக்கும்போது சாமியார் அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. அன்றும் டெல்பினுக்கு வருத்தமெல்லாம் வரிசை கோணலாக இருந்ததில்தான்.

நாற்பதைத் தாண்டியவர். காரைக்காலில் சொந்த வீடு. கணவர் செல்வநாதனுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகப் பக்கம், நிலக்கரி லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜில் வேலை. ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். இதற்குள் நாடகம் எங்கிருந்து நுழைந்தது என்றால், பள்ளி ஆண்டு விழாவிலிருந்து நுழைந்தது. வருஷா வருஷம் பிள்ளைகளை ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏற்றிப் பிரமிடு கட்டிக் காட்டுவது டெல்பினின் வழக்கம். பெற்றோர் சிலர் பயந்துபோய்ப் பேச, தாளாளர் "இந்த வருஷம் யாரும் கீழ விழாத மாதிரி புதுசா ஏதாவது பண்ணுங்க மிஸ்" என்றார். ஊரில் பேசாமலே நாடகம் போடும் ஒரு கூட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கே ஒரு ஐட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார். போனவர் போனவர்தான். ஆண்டு விழாவில் இன்னும் பிரமிடுதான் நடக்கிறது, உயரம் மட்டும் குறைந்திருக்கிறது.

கூட்டத்தின் பெயர் 'வெறுங்கால்'. அதை நடத்துகிற சிவப்ரியா நெரவிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். புதுச்சேரியில் நாடகம் படித்துவிட்டு வந்து, பகலில் வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மொபைல் கடை வைத்திருக்கும் நஸ்ருதீன், கல்லூரியில் படிக்கும் கீர்த்திகா, இன்னும் நாலைந்து பேர். ஒத்திகை நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்த நாளில் கூடம் கிடைக்காது. அதனால் அந்தக் குழுவில் எல்லாருக்கும் பஞ்சாங்கம் அத்துப்படி, நஸ்ருதீனுக்கும் டெல்பினுக்கும்கூட. முதல் நாள் கல்யாணம் நடந்திருந்தால் தரை முழுக்க ரச வாசனை அடிக்கும். தரையில் உருண்டு எழுகிற பயிற்சி முடிந்து எழுந்தால் முதுகில் ஒரு சோற்றுப் பருக்கையாவது ஒட்டியிருக்கும்.

கதையை எழுதி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் இல்லை அவர்கள். வாரத்தில் எங்கேயாவது கண்ணில் பட்ட ஓர் அசைவை ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவர வேண்டும். பஸ் ஜன்னல் வழியாக இடத்துக்குக் கைக்குட்டை போடும் பெண். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்ளும் அம்மா. போன் பேசிக்கொண்டே கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறும் ஆள். கொண்டுவந்தவர் ஒரு தடவை செய்து காட்டுவார், அதோடு அது அவருடையது இல்லை. மற்றவர்கள் அதை வாங்கி மெதுவாக்குவார்கள், பெரிதாக்குவார்கள், கூடையையும் போனையும் எடுத்துவிட்டு வெறுங்கையோடு செய்து பார்ப்பார்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் செய்வார்கள். அப்படித் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் நாடகம்.

இதற்குச் சட்டம் இரண்டே இரண்டு. அசைவு யாருடையது என்று சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. கொண்டுவந்தவரே அதை மேடையில் செய்யக் கூடாது. அவரே செய்தால் ஒன்று நக்கலாகிவிடும், இல்லையென்றால் அழுகையாகிவிடும் என்பது சிவப்ரியாவின் கட்சி.

ஆரம்பத்தில் டெல்பினால் ரொம்ப இம்சை. எதைச் செய்தாலும் வாய் தானாக "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணும். இங்கே எண்ணுவதில்லை, பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் ஒன்றாகக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னபோது, "மூச்ச கேட்டு டிரில் பண்ணா விளங்கிரும்" என்றார். பிறகு பழகிவிட்டது. விசில் கைப்பைக்குள் போனது. மூச்சு அவருக்குக் கேட்க ஆரம்பித்தது, அதுவும் மற்றவர்களைவிட நன்றாகவே.

ஒரு ஞாயிறு கையில் ஒன்றும் இல்லாமல் வந்துவிட்டார். பள்ளியில் மண்டல விளையாட்டுப் போட்டி, அந்த அலைச்சலில் மறந்துபோயிற்று. தன் முறை வந்தபோது சட்டென்று வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சமையலறை ஜன்னலிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்து அலுத்த ஒன்று. ஓர் ஆள் வேலை முடிந்து வருகிறார். ஷூவை வெளியே கழற்றுகிறார். பேண்ட்டைக் குனிந்து தட்டிவிடுகிறார், கரித்தூசி. சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். அப்புறம் வலது கையை வாசல்நிலையில் வைத்து, உடம்பை ஒரு காலில் நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வருகிறார். அவ்வளவுதான்.

டெல்பின் அதைச் செய்து காட்டியபோது எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் அதில் ஒரு குஷி. கணவர் அப்படி நிற்பதை அவர் எப்போதும் ஒரு நிற்கத் தெரியாத குறையாகத்தான் பார்த்திருந்தார். "நேரா நில்லுங்க, இப்படி நின்னா இடுப்பு போயிரும்" என்று ஜன்னல் வழியாகவே பல நாள் குரல் கொடுத்ததும் உண்டு. ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பி.டி. டீச்சருக்கு எப்படி நிற்கிறார் என்பதுதான் கணக்கு, எதற்கு என்பது அவருடைய பாடத்தில் இல்லை.

நஸ்ருதீன் அந்த அசைவை வாங்கினான். ஒரு தடவை செய்தான், இன்னொரு தடவை மெதுவாகச் செய்தான்.

"களைப்பா வர்றாரோ?" என்றாள் கீர்த்திகா.

"களைப்புன்னா கை தாங்கும்," என்றான் நஸ்ருதீன், கையை வைத்தபடியே. "இந்தக் கையில கனமே இல்ல. சும்மா தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. காதுதான் வேல செய்யுது."

சிவப்ரியா அவனைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். "ஆமா. கேக்குறாரு. உள்ள என்ன நிலவரம்னு கேட்டுட்டு அப்புறமாத்தான் உள்ள போறாரு."

"எங்க ஹாஸ்டல்ல வார்டன் ரூம் முன்னாடி நாங்க இப்படித்தான் நிப்போம்," என்று கீர்த்திகா சொல்ல, மறுபடியும் ஒரே சிரிப்பு.

"உள்ள இருக்கறது யாருன்னு தெரியல," என்றார் சிவப்ரியா. "ஆனா இவருக்கு அந்த ஆளுகிட்ட பயம். நல்லா இருக்கு, இத வளக்கலாம்."

டெல்பினும் சிரித்தார். கடைசியாகச் சிரித்தவர் அவர்தான்.

ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது முதலில் அவருக்கு வந்தது கோபம். நேற்று வந்த பையன் நஸ்ருதீன், அவனுக்கு என்ன தெரியும்? அடுத்தது கணவர்மேல் திரும்பியது. பயப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன், நேரத்துக்குச் சோறு இல்லையா, துவைத்த சட்டை இல்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். உள்ளதைச் சொன்னால் டெல்பின் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். வந்த கோபம் அடுப்பைச் சிம்மில் வைப்பதற்குள் போய்விடும், போனதும் அவரே மறந்துவிடுவார். மற்றவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. துடைத்த தரையில் கரித்தடம் விழுந்தால் ஒரு கத்தல், கேஸ் புத்தகத்தைக் காணவில்லை என்றால் ஒரு கத்தல், பள்ளியில் யாரோ திட்டினால் அதற்கும் ஒரு கத்தல். மைதானத்தின் இன்னொரு கோடி வரைக்கும் கேட்கும்படி பழக்கிய குரல் அது, வீட்டுக்கென்று தனியாக ஒரு குரலை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் சமையலறை ஜன்னலில் அவர் குறை பார்க்க நிற்கவில்லை, வேறு ஒன்றைப் பார்க்க நின்றார். திங்கட்கிழமை சத்தமில்லாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். செல்வநாதன் கையை நிலையில் வைத்தார், எடுத்தார், உள்ளே வந்துவிட்டார். அடுத்த நாள் இட்லிப் பானை மூடி கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. வேண்டுமென்று போட்டதில்லை. வாசலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். பிறகு ஓசைப்படாமல் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. டெல்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் தன் வீட்டு வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார், அதைத் தான் ஒரு வேடிக்கையாகக் கொண்டுபோய்க் கூட்டத்தில் கொடுத்தோம் என்பது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சரி செய்கிறேன் என்று கிளம்பினால் அதிலும் அவசரம். புதன்கிழமை பைக் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து, "வந்துட்டீங்களா! வாங்க, வாங்க!" என்று பாட்டாக அழைத்தார். வாசலில் செல்வநாதன் திகைத்துப்போனார். முன்னெப்போதையும்விட அன்றைக்குத்தான் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்தவர் முதலில் கேட்டது, "என்னாச்சு, ஊர்ல யாருக்காவது முடியலையா?"

அடுத்த ஞாயிறு டெல்பின் சிவப்ரியாவைத் தனியாக ஓரங்கட்டினார்.

"அந்த வாசல்ல நிக்கிற பீஸ எடுத்துரலாமா?"

"ஏன் மிஸ்? நம்மகிட்ட இருக்கறதுலயே அதான் உசுரு."

"நீளமா இருக்கு."

சிவப்ரியா அவரைக் கொஞ்சம் பார்த்தார். கேட்கக் கூடாது என்ற சட்டத்தை வைத்தவரே அவர்தான், அதனால் கேட்கவில்லை. கேட்காமல் இன்னொன்று செய்தார். "நிக்கிறவங்க இருக்காங்க, உள்ள ஒரு ஆளு இல்ல. அதான் நீளமா தெரியுது. நீங்க உள்ள நில்லுங்க மிஸ். உங்க முதுகு மாதிரி நேரான முதுகு இங்க யாருக்கு இருக்கு?"

ஏற்பாடு இதுதான். பார்க்க வருபவர்கள் மூன்று பக்கம் உட்காருவார்கள். நாலாவது பக்கம் கை கழுவும் தொட்டிகள் இருக்கும் சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபடி டெல்பின் நிற்க வேண்டும். பின்னால் ஆறு பேர் வாசலில் நிற்பார்கள். டெல்பினின் தோள் எப்போது இறங்குகிறதோ அப்போதுதான் அவர்கள் உள்ளே வரலாம். எண்ணிக்கை கிடையாது, பாட்டு கிடையாது, அந்தத் தோள்தான் சைகை.

கேட்க சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் தோள் இறங்கவில்லை. டெல்பின் இறக்குவார், இறக்கியது போலத் தெரியும், பின்னால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

"மிஸ், தோள விடுங்க."

"விட்டுட்டேனே!"

"எறக்கிக் காட்டுறீங்க. விடல."

ஆறு பேர் பின்னால் காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தும் டெல்பினால் முடியவில்லை. ஆறு மூச்சும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வேறு யாராவது திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பார். தன் தோளிடம் யார் கத்த முடியும்? ஒத்திகை ஒத்திகையாக அந்த இடத்தில் வந்து நாடகம் முட்டிக்கொண்டு நின்றது.

இந்த நிலையில் செல்வநாதன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஷிஃப்ட் மாத்திக் கேட்டிருக்கேன். உன் நாடகத்துக்கு வர்றேன்," என்றார். இதுவரை அவர் எதற்கும் வந்ததில்லை. வாட்ஸ்அப்பில் டெல்பின் அனுப்பும் போட்டோவுக்குக் கட்டைவிரல் ஒன்று போடுவதோடு சரி. டெல்பினுக்குக் கையிலிருந்த கரண்டி நின்றது. அறுபது பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தன்னுடைய பயத்தை வேறு ஆறு பேர் செய்ய, அதற்கு ஊர் சிரிப்பதை அவர் பார்க்கப் போகிறார். அதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

சொல்ல நேரமும் கிடைத்தது. நாடகத்தன்று அவருடைய பைக்கிலேயே போனார்கள். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நிறுத்தினார்.

"என்னங்க, இதுல ஒரு ஆளு வருவாரு. வேல முடிஞ்சு வந்து வாசல்ல…"

"கதைய சொல்லாத," என்றார் செல்வநாதன், டீயை ஆற்றியபடி. "பாக்கத்தானே வந்திருக்கேன். கதை தெரிஞ்சா என்ன இருக்கு?"

"இல்லங்க, அது வந்து…"

"உனக்கு லேட்டாவுது. போ, போ. நான் ஓரமா உக்காந்துக்கறேன்."

குரலை உயர்த்தினால் நின்று கேட்பார். அன்றைக்கு டெல்பினால் குரலை உயர்த்த முடியவில்லை.

ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. மேஜைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கைக்குட்டை போடும் பெண் வந்தாள், மீன் கூடை அம்மா வந்தார், கூட்டம் ரசித்தது. பிறகு டெல்பின் நடந்துபோய், கை கழுவும் தொட்டிகளைப் பார்த்தபடி நின்றார். பின்னால் காலடிகள். ஆறு ஜோடி ஷூ கழற்றப்படுகிறது, ஷூ இல்லாமலே. பேண்ட் தட்டும் சத்தம். அங்கேயே சிரிப்பு ஆரம்பித்தது. கை நிலைக்குப் போனதும் கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், "நம்ம வீடுதான்டா!" என்றது. கூடம் அதிர்ந்தது.

டெல்பினுக்கு எதுவும் தெரியவில்லை. எதிரே தண்ணீர்க் குழாயும், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் மட்டும்தான். அந்தச் சிரிப்புக்குள் அவர் ஒரே ஒரு சிரிப்பைத் தேடினார். செல்வநாதன் சிரித்தால் மூக்கால் ஒரு சத்தம் வரும், எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். அது இல்லை. எழுந்து போய்விட்டாரா? நாற்காலி நகரும் சத்தமும் இல்லை. முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கிறாரா, தலையைக் குனிந்துகொண்டாரா, கோபமா, திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்பக் கூடாது. மெல்ல மெல்லச் சிரிப்பு ஓய்ந்தது. பின்னால் ஆறு பேர் ஒரே மூச்சில் தலையைச் சாய்த்திருப்பார்கள். அறுபது பேரும் அமைதியானார்கள்.

அந்த அமைதியில் டெல்பின் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எப்போது நடந்தது என்று அவருக்கே தெரியாது, உடம்பு முழுக்க இடது காலுக்குப் போயிருந்தது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கை தொட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, கனமே இல்லாமல். பிள்ளைகள் இப்படி நின்றால் விசில் ஊதியிருப்பார். கோணலாக நிற்கிறோம் என்று தெரிந்தும் நிமிரவில்லை. இப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல்முறையாகத் தெரிந்தது.

வலது பக்க ஓரத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். அவருடையதுதான். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் ஆள் இருக்கிறார், போகவில்லை. டெல்பினின் தோள் இறங்கியது. அவர் இறக்கவில்லை, அதுவாக இறங்கியது. பின்னால் ஆறு பேரும் மூச்சை விட்டு உள்ளே வந்தார்கள்.

நாடகம் முடிந்து எல்லாரும் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது சிவப்ரியா வந்து அவர் கையைப் பிடித்தார். "மிஸ், கடைசியில தலைய சாய்ச்சீங்களே, அது நம்ம வெச்சதில்லையே. அத வெச்சுக்கலாம். எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல," என்றார் டெல்பின்.

செல்வநாதன் வெளியே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். "நல்லா இருந்துச்சு," என்றார். அவ்வளவுதான். ஏறு என்பது போலப் பார்த்தார். அரசலாற்றுப் பாலத்தில் கடல் காற்று முகத்தில் அடித்தது. முன்னால் இருக்கும் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார் டெல்பின். எந்த முதுகிலும் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, அந்த முதுகில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டுக்கு நேராகக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றும் சத்தம் கேட்டது. வேகமாக ஏற்றுகிறாரா, மெதுவாகவா? ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. டெல்பினின் வலது கை வாசல்நிலையில் இருந்தது.

"உள்ள யாருமில்ல டெல்பின்," என்றார் செல்வநாதன் பின்னாலிருந்து. "தைரியமா போ."